ஆறாம் தட்டின் மூன்றாவது யன்னல்

என் மனைவி கேட்டது ஒரேயொரு படம். நான் அறுபத்து நான்கு எடுத்தேன். அவை இன்னும் என் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. லண்டனிலிருந்து மகள் பேசும்போதெல்லாம், தேவையில்லாததை அழித்துவிடுங்கள், இடம் பிடிக்கும் என்கிறாள். எது தேவையில்லாதது என்று பிரிக்க உட்கார்ந்தால் முதலாவது படத்திலேயே நின்றுவிடுகிறேன்.

தை மாதத்தின் கடைசிக் கிழமை அது. பலேர்மோவில், கபோ சந்தைக்கு மேலே, நாற்பத்தாறு படிகள் ஏறி வரவேண்டிய வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். மனைவிக்கு ஈரலில் நோய். மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி, வலிக்குரிய மருந்துகளைத் தந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாளொன்றுக்குப் பதினொரு குளிசைகள். அவற்றை நேரம் எழுதிய பதினொரு சின்னக் கிண்ணங்களில் போட்டு வரிசையாக வைத்திருந்தேன். அந்த வரிசை குலைந்தால் எனக்குக் கை நடுங்கும். அவளுக்கு அது ஒரு வேடிக்கை. "சாகிறவள் நான், நடுங்கிறது நீங்கள்" என்பாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் எங்களைப் பார்க்க வந்தாள். போருக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவள். நேப்பிள்ஸுக்கும் பலேர்மோவுக்கும் இடையில் ஓடிய பயணிகள் கப்பலில் என் மனைவியோடு துப்புரவு வேலை செய்தவள். கிழமைக்கு ஒருநாள் ஏதாவது சமைத்துக்கொண்டு வருவாள். அன்று புட்டும் மீன்குழம்பும். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னாள்:

"அக்கா, எங்கடை கிழவி போகுதாம்."

"எந்தக் கிழவி?" என்று நான் கேட்டேன்.

"கப்பல், அண்ணை. நாங்கள் அதைக் கிழவி எண்டுதான் சொல்லுறது. என்னையெல்லாம் புதுக் கப்பலுக்கு மாத்திப்போட்டு, ரெண்டு மாசமா அதைத் தூரத்து ஜெற்றியிலை சும்மா கட்டி வச்சிருந்தவை. வியாழக்கிழமை பின்னேரம் இழுத்துக்கொண்டு போகினமாம். உடைக்க."

என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் போன பிறகும் நெடுநேரம் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். வலியாக்கும் என்று நினைத்து மூன்று மணிக் கிண்ணத்தைப் பத்து நிமிடம் முந்தியே கொடுத்தேன். அதை விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, நாளைக்கு அந்தக் கப்பலை ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவியளோ?"

"இந்தக் குளிருக்குள்ளையோ? காத்து என்னமாதிரி அடிக்குது, கேளும்."

"குளிருக்கெண்டுதானே மகள் கம்பளித் தொப்பி அனுப்பினவள். பெட்டியோடை வச்சிருக்கிறியள்."

"எத்தினை படம் வேணும்?"

"ஒண்டு காணும். ஆனா நீங்கள் ஒண்டோடை நிக்கமாட்டியள்."

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டேன். கீழ்வீட்டு இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா, மேலே வந்து என் மனைவிக்குப் பக்கத்தில் இருக்கச் சம்மதித்தாள். அவளிடம் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் தனக்கு எண்ணத் தெரியும் என்றாள். ஆனாலும் இன்னொருமுறை காட்டினேன்.

ஊரில் நான் நில அளவைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன். இங்கே வந்து இருபத்தாறு வருடம், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னாலுள்ள ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் வாசற்காவலும் படிக்கட்டுத் துடைப்பும் என் வேலை. ஐந்து மாடி, நூற்றுப் பன்னிரண்டு படிகள். அந்த வேலைக்கு ஏழு மணிக்குப் போனால் போதும். அதனால் கடைசிப் பதினெட்டு வருடமும் விடியற்காலையில் மனைவியைத் துறைமுக வாசல்வரை நானே கூட்டிச்சென்று விட்டேன். வீட்டிலிருந்து வாசல்வரை ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் அடிகள். வாசலில் நின்று தினமும் ஒரே புத்திமதிதான் சொல்வேன். "ஒண்டிலையும் கை வையாதையும். ஒருத்தரோடையும் வாய் குடாதையும். வேலைக் காட் பத்திரம்." அவள் "ஓமோம்" என்று சொல்லி, வேலைக்காரரை ஏற்றிப்போகும் சின்ன பஸ்ஸில் ஏறிவிடுவாள். பஸ் இருட்டுக்குள் போய் மறையும். நான் திரும்பிவிடுவேன். அவள் வேலை செய்த கப்பலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தப் புத்திமதிக்குக் காரணம் இருந்தது. முதல் நான்கு வருடம் எங்களுக்கு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லை. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் நின்ற நாட்களை நான் எண்ணி வைத்திருந்தேன்: முப்பத்தேழு. ஒருமுறை, தெரிந்த ஒருவர் வேலை செய்த வீட்டில் எறிந்துவிடச் சொல்லிக் கொடுத்த பழைய குடையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், அது போனால் எல்லாம் போகும். காகிதம் கைக்கு வந்த பிறகும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

புதன்கிழமை வடக்கிலிருந்து காற்று அடித்தது. ஊருக்குப் பின்னாலுள்ள மலைகளின் உச்சியில் பனி கிடந்தது. துறைமுகத்துக்குள் எல்லோரும் போகமுடியாது. ஆனால் தண்ணீரோரம் மக்கள் நடந்துதிரிவதற்கென்று விட்ட ஒரு பகுதி இருக்கிறது. அதன் நுனியில் நின்றால் எதிர்ப்பக்க ஜெற்றிகள் தெரியும். அங்கே போய் நின்றேன். இடதுபக்கத்தில் நேப்பிள்ஸிலிருந்து காலையில் வந்த கப்பல், பின்கதவைத் திறந்து போட்டு லொறிகளைக் கக்கிக்கொண்டிருந்தது. கப்பல் திருத்தும் இடத்தில் ஐந்து பாரந்தூக்கிகள், அவற்றில் இரண்டுதான் அசைந்தன. யாரோ இரும்பில் சுத்தியலால் அடிக்கும் சத்தம் தண்ணீருக்கு மேலால் பிந்திப் பிந்தி வந்தது. நூற்றுக்கணக்கான வருடமாக இந்த இடத்தில் ஏற்றியும் இறக்கியும் வருகிறார்கள். பழைய கல்மேடை ஒன்றில் கயிறு தேய்த்த பள்ளங்கள் விரல் புதையும் ஆழத்தில் இருந்தன. இருபத்திரண்டு பள்ளங்கள். அதற்கு மேல் ஒரு புதிய ரப்பர் மெத்தையை ஆணி அடித்து வைத்திருந்தார்கள்.

கிழவி தூரத்து ஜெற்றியில் கட்டியிருந்தது. பெயரை வெள்ளையால் பூசி அழித்திருந்தார்கள். புகைபோக்கியில் புகையில்லை. மற்றக் கப்பல்களைச் சுற்றி மனிதரும் வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் ஒரு நாய்கூட இல்லை.

கையுறையோடு தொட்டால் தொலைபேசி கேட்காது. கையுறையைக் கழற்றினால் விரல் கேட்காது. முதல் ஏழு படங்களிலும் என் பெருவிரல் இருக்கிறது. எட்டாவதில் கப்பல் சரிந்து கடலில் தாழ்வதுபோல் இருக்கிறது. கண்ணில் நீர் வந்து ஒன்றும் தெரியவில்லை. எழுபத்தொரு வீதம் இருந்த பற்றறி குளிரில் நாற்பதுக்கு இறங்கிவிட்டது. அது செத்துப்போகுமுன் எடுத்து முடிக்கவேண்டுமே என்ற பதற்றத்தில் இன்னும் வேகமாக எடுத்தேன்.

பக்கத்தில் கால்நீட்டி இருந்து பாணுக்குள் கடலைமாப் பொரியல் வைத்துத் தின்றுகொண்டிருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, கப்பலை வாங்கப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. என் மனைவி அதில் வேலை செய்தவள்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் தோளைப் பிடித்துப் பத்து அடி தள்ளி நிறுத்தினார். "இங்கே நின்று எடுங்கள். அங்கிருந்து எடுத்தால் துரு தெரியும். பெண்களுக்கு அது பிடிக்காது."

அவர் சொன்ன இடத்தில் நின்று முப்பத்தொரு படங்கள் எடுத்தேன். நல்ல படங்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவியை மூன்று தலையணையில் சாய்த்து இருத்தி, கண்ணாடியைப் போட்டுவிட்டு, தொலைபேசியைக் கையில் கொடுத்தேன். அவள் ஒரு படத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள்.

"இது ஆற்றை கப்பல்?"

"உம்மடை கப்பல்தான். பேரை அழிச்சுப்போட்டாங்கள்."

"இவ்வளவு பெரிசோ?"

நான் அவளைப் பார்த்தேன். பகிடியில்லை. பதினெட்டு வருடம் வேலை செய்த கப்பலின் பக்கவாட்டை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வேலைக்காரரின் பஸ் பின்கதவு வாசலில் கொண்டுபோய் இறக்கும். லொறிகள் ஏறும் அதே வாசலால் உள்ளே போய், இரும்புப் படியில் ஏறி, கட்டில் விரிப்புகளை உருவி, கழிப்பறைகளைக் கழுவி, அதே வாசலால் வெளியே வந்து பஸ்ஸில் ஏறுவது. கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிக் கட்டியிருப்பார்கள். "எங்களுக்குத் தெரிஞ்சது அதின்ரை குண்டி மட்டும்தான்" என்றாள்.

பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். விரலால் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

"எண்ணுறது உங்கடை வேலைதானே. எண்ணுங்கோ. ஆறாம் தட்டு. அதுக்கு மேலை ஒரு தட்டுத்தான். உள்ளை போகேக்கை இடக்கைப் பக்கம். பின்னுக்கிருந்து மூண்டாவது யன்னல்."

படத்தின் இடதுபக்கத்தில் கப்பலின் பின்பகுதி இருந்தது. அங்கிருந்து எண்ணி மூன்றாவது யன்னலில் விரலை வைத்தேன். மங்கலான ஒரு கறுப்புச் சதுரம்.

"இதிலை என்ன கிடக்கு?"

அவள் சொல்ல யோசித்தாள். "ஏசாமல் கேளுங்கோ."

அந்த யன்னலுக்குரிய அறையில் கட்டில்களைக் கழற்றிவிட்டு விரிப்புகளும் துவாய்களும் அடுக்கி வைத்திருந்தார்களாம். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, கப்பல் கட்டியிருந்தபோதே இயந்திர அதிர்வில் அவளுக்குத் தலைசுற்றி வாந்தி வந்திருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். மறுநாள், தமிழ்க் கடையில் கொடுத்த கலண்டரிலிருந்த பிள்ளையார் படத்தை வெட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டுபோய், கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டாள். பயணிகள் விட்டுப்போன பூ கிடைத்தால் ஒன்று செருகுவாள். அவளுக்குப் பிறகு வந்த தமிழ்ப் பெண்களும் கும்பிட்டார்கள். சிசிலிக்காரிகளும் "எலெஃபந்தினோ" என்று, அதாவது குட்டியானை என்று, சொல்லித் தும்பிக்கையைத் தொட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவார்களாம். படம் கிழியாமல் இருக்க ஒவ்வொருத்தியும் மேலே மேலே ஒட்டுநாடா ஒட்டி, அது கதவோடு கதவாகிவிட்டது.

"நான் வருத்தமெண்டு நிண்டிட்டன். இவளவையைப் புதுக் கப்பலுக்கு மாத்திப்போட்டாங்கள். அவர் அதுக்கை தனிய நிக்கிறார். நாளைக்கு உடைக்கக் கொண்டுபோறாங்கள்."

சாமிப் படம் பழுதானால் எங்கள் ஆட்கள் குப்பையில் போடுவதில்லை. ஓடும் தண்ணீரில் விடுவோம், அல்லது கோயில் மரத்தடியில் வைப்போம். அதை ஒருவன் இரும்பறுக்கும் வாளால் அறுத்து இரும்போடு இரும்பாகக் குவிப்பதை அவள் கண்முன்னே கண்டுகொண்டிருந்தாள்.

"ஏன் நீர் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அண்டைக்கே கழட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பியள்."

உண்மை. அன்றைக்கே சொல்லியிருப்பேன். கழற்றிக்கொண்டு வரும்வரை சாப்பிட்டிருக்கமாட்டேன். அவள் தொடர்ந்தாள்.

"இப்பவும் சொல்லுற எண்ணம் இல்லை. படத்திலை அந்த யன்னலைப் பாத்துக் கும்பிட்டுப்போட்டு விடுவம் எண்டுதான் நினைச்சன். பாத்தாப் பிறகு மனம் கேக்குதில்லை. நான் வச்சனான். நான் போறதுக்கு முன்னம் நான்தான் எடுக்கோணும்."

அன்று பின்னேரமே வன்னிப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தோம். அவள் மேற்பார்வைக்காரியிடம் கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்தாள். கப்பலை விற்றாகிவிட்டது, உள்ளே மின்சாரமும் இல்லை, இழுத்துப்போக வந்தவர்களைத் தவிர ஒருவரும் ஏறமுடியாது. நான் பெருமூச்சு விட்டேன். அது ஆறுதல் பெருமூச்சா என்று மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது என்பதை இங்கே ஒளிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். மூன்றாவதைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"ஊரிலை கோயில் திருத்தேக்கை என்ன செய்யிறவை? பாலஸ்தாபனம்தானே. சாமியைக் கும்பத்துத் தண்ணியிலை இறக்கி வேறை இடத்திலை வச்சிருந்து, பேந்து திரும்ப ஏத்திறதுதானே. அப்பிடிச் செய்வம்."

"அது ஐயர்மார் செய்யிற வேலை."

"ஐயரைக் கூப்பிட்டா இந்தக் காத்துக்கை வந்து நிப்பரே? வாற ஒரே ஆள் நீங்கள்தான்."

"எனக்கு மந்திரம் தெரியாது."

"செம்பைப் பிடிச்சுக்கொண்டு அந்த யன்னலைப் பாத்து, வாங்கோ எண்டு கூப்பிடுங்கோ. அவ்வளவுதான்."

"சத்தமாவோ, மனசுக்குள்ளையோ?"

"உங்கடை குரலைக் கேட்டா அவர் வாறாரோ தெரியாது. மனசுக்குள்ளை கூப்பிடுங்கோ."

வியாழக்கிழமை காலை கபோவில் மரக்கறி விற்பவனிடம் மாவிலைக்குப் பதிலாக எலுமிச்சை இலைகள் ஐந்து வாங்கினேன். அவன் சும்மா தந்தான். பித்தளைச் செம்பைத் தேய்த்து, முக்கால்வாசி தண்ணீர் விட்டு, இலைகளைச் செருகி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினேன். மனைவி கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி ஒருமுறை அதைத் தொட்டாள். ஒரு மணிக்கெல்லாம் முதல்நாள் நின்ற அதே இடத்தில், துரு தெரியாத இடத்தில், நின்றேன். தொலைபேசியில் படத்தை எடுத்து வைத்து, யன்னலை எண்ணி அடையாளம் கண்டு, தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, செம்பை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பித்தளை குளிரை நேராக எலும்புக்குள் விட்டது.

"வாங்கோ" என்று மனதுக்குள் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளை சொன்னதுபோல இருந்தது. எத்தனைமுறை சொல்லவேண்டும் என்று கேட்காமல் வந்துவிட்டேனே என்ற கவலை பிடித்தது. நூற்றெட்டு என்று வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன்.

அறுபதுக்கு வந்தபோது காவலர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. துணி கட்டிய செம்பைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இங்கே தூவ அனுமதி இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். "யாருடையது? மனைவியா?"

சாம்பல் என்று நினைத்துவிட்டார்.

"இது தண்ணீர்" என்றேன். துணியை அவிழ்த்துக் காட்டினேன்.

"தண்ணீர்." அவர் செம்பையும் கடலையும் மாறிமாறிப் பார்த்தார். "கடலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தீர்களா?"

"ஊற்றவில்லை. திரும்பக் கொண்டுபோய்விடுவேன்."

என் பெர்மெஸ்ஸோவின் பிரதியும் அடையாள அட்டையின் பிரதியும் எப்போதும் என் உட்பையில் இருக்கும். அவற்றை எடுக்க ஒரு கையை விட்டேன். செம்பு சரிந்தது. அவர் சட்டென்று அடியில் கைகொடுத்துத் தாங்கி, "வேண்டாம், வேண்டாம். பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே விழாமல் நில்லுங்கள், அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். அறுபதுக்குப் பிறகு எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் எண்ணிக்கை தவறிய நாட்கள் மிகக் குறைவு. முதலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டரை மணிக்கு மூன்று இழுவைப் படகுகள் வந்தன. கப்பலின் கயிறுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. கப்பல் ஜெற்றியை விட்டு ஓர் ஆள் அகலம் விலகியது, பிறகு ஒரு வீதி அகலம். முகப்பு என்னிலிருந்து அப்பால் திரும்ப, பின்பகுதி மெல்லமெல்ல என் பக்கம் வந்தது. மூடிய பெரிய பின்கதவு எனக்கு நேரே நின்றது. அதைப் பார்த்ததும், மனைவியும் மற்றப் பெண்களும் பஸ்ஸிலிருந்து இறங்கி அதற்குள் போவதை நினைத்துப் பார்த்தேன். அவர்களோடு நானும் உள்ளே போவதாக நினைத்தேன். இடக்கைப் பக்கம்.

பின்கதவுக்கு நேரே நின்றபடி என் இடக்கையைப் பார்த்தேன். உள்ளே போகிறவளின் இடக்கைப் பக்கம், நான் இரண்டு நாளாகப் பார்த்த பக்கம் அல்ல. அது ஜெற்றியோடு ஒட்டிக்கிடந்த மற்றப் பக்கம். என் படத்தின் இடது ஓரத்தை அவளுடைய இடக்கை என்று எடுத்துவிட்டேன். அறுபத்து நான்கு படம், நூற்றெட்டு அழைப்பு, எல்லாம் ஆளில்லாத பக்கத்துக்கு. நில அளவைக் கந்தோரில் வரைபடங்களைப் பிரதிசெய்து பிழைத்தவன் நான்.

கப்பல் திரும்பிக்கொண்டேயிருந்தது. நான் ஒருநாளும் பார்த்திராத அந்தப் பக்கம் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்தது. துரு யன்னல்களிலிருந்து வழிந்து கோடுகோடாகக் கிடந்தது. இப்போது பின்பகுதி என் வலக்கைப் பக்கம். மேலிருந்து இரண்டாவது வரிசை. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவதில் ஏதோ வெள்ளையாக, துவாய் அடுக்காக இருக்கலாம், தெரிந்தது. செம்பை உயர்த்தினேன். எத்தனைமுறை கூப்பிட்டேன் என்று தெரியாது. வாய்விட்டே கூப்பிட்டிருக்கவேண்டும், ஏனென்றால் நாயோடு நடந்து வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ. பிறகு கப்பல் நீண்டு ஒடுங்கி, கடற்சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

அந்தப் பக்கத்துக்கு என்னிடம் ஒரு படமும் இல்லை. இரண்டு கையிலும் செம்பு இருந்தது.

வீட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு அடிகளையும் தண்ணீர் தளும்பாமல் நடந்தேன். மனைவி விழித்திருந்தாள். பொய் சொல்லவேண்டும் என்றுதான் படியேறும்போது நினைத்தேன். நாற்பத்தாறு படியிலும் அதற்கு வசனம் தேடினேன். அவள் முகத்தைக் கண்டதும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்டரை மணித்தியாலமா வெறுஞ் சுவருக்கோ கூப்பிட்டனியள்?"

"ஓம்."

"பரவாயில்லை. அவருக்கு முறம் மாதிரிக் காது. எந்தப் பக்கத்தாலை கூப்பிட்டாலும் கேட்டிருக்கும்."

செம்பை அவள் தலைமாட்டில் ஒரு முக்காலியில் வைத்தோம். அதற்குப் பிறகு ஆறு நாட்கள் அவளுக்கு ஓரளவு நித்திரை வந்தது. மருந்துதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அளவைக் கூட்டியிருந்தார்கள். அவள் தூங்கும்போது நான் பக்கத்தில் இருந்து, அந்தக் கப்பலுக்குள் அவள் போன நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்தேன். லீவு நாட்களைக் கழித்தால் ஐயாயிரத்துக்குக் கிட்ட வருகிறது. ஐயாயிரம் விடியலில் அவளோடு நடந்திருக்கிறேன். ஐயாயிரம் தடவையும் நான் பேசியது வேலை அட்டையைப் பற்றி. கதவுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது என்று அவள் சொல்லக்கூடிய ஒரு நாளைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

ஏழாம் நாள் வன்னிப் பெண் வந்தாள். கைப்பைக்குள் ஒரு புதிய பிள்ளையார் படம் வைத்திருந்தாள். சின்னது, கண்ணாடி போடாதது. என் மனைவி தொலைபேசியில் அவளுக்கு ஏற்கனவே எல்லாம் சொல்லியிருக்கிறாள். புதுக் கப்பலிலும் விரிப்பு அறை ஒன்று இருக்கிறது. அங்கே படத்தை ஒட்டி, இந்தத் தண்ணீரைத் தெளித்துவிட்டால் சரி.

"அண்ணை, அக்கா உங்களிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் கொண்டுபோகச் சொன்னவ" என்றாள்.

"புதுக் கப்பலிலை கமரா எல்லாம் பூட்டியிருப்பாங்களே. ஆரும் கண்டா? உமக்கு ரெண்டு பிள்ளையளெல்லே?"

"அறைக்குள்ளை கமரா இல்லை, அண்ணை."

"இண்டைக்கு மழை வரும்போலை கிடக்கு. நாளையிண்டைக்குக் கொண்டுபோமன். செம்பு இஞ்சை பத்திரமாத்தானே இருக்கு."

அவள் தரையைப் பார்த்தாள். மனைவி கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"இஞ்சாருங்கோ. நான் கண்ணை மூடினா வீட்டிலை முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்கு வீட்டிலை அவரை வச்சிருக்கேலாது. நாளையிண்டைக்கு எண்டால் பிந்திப்போயிடும்."

கீழே சந்தையில் ஒருவன் மீன் விலையைப் பாட்டாகக் கூவிக்கொண்டிருந்தான். மழையும் கமராவும் வெறும் சாட்டுத்தான் என்று எனக்கே தெரியும். அந்தச் செம்பு வீட்டில் இருக்கும்வரை மனைவியும் இருப்பாள் என்று நான் ஆறு நாளாக நினைத்துக்கொண்டிருந்ததை அவளும் அறிந்திருக்கிறாள்.

செம்பை எடுத்தேன். தண்ணீர் ஒரு விரல் வற்றியிருந்தது. எலுமிச்சை இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. அந்தப் பெண் கையை நீட்டினாள். படி ஒடுக்கம், நான் கொண்டுவாறேன் என்று சொல்லி அவளுக்கு முன்னால் இறங்கினேன். வாசலில் அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் துணிப்பைக்குள் நேராக இருத்தி, சால்வையால் மூடிக்கொண்டு சந்தைக்குள் நடந்தாள். அவளிடம் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

மேலே வந்தபோது மனைவி கேட்டாள்.

"குடுத்தியளோ?"

"குடுத்திட்டன்."

"பயமாக் கிடக்கோ?"

அவளிடம் நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கவனமாக இருக்கிறேன், முன்யோசனையாக இருக்கிறேன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

"ஓம்" என்றேன். "சரியான பயம்."

"இதிலை வந்து இருங்கோ" என்று சொல்லி, தன் காலை இழுத்துக் கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.